2020-இல் உதவிக்காகத் தொடங்கிய குழுவைக் கலைத்துவிடலாமா?

ஜன்னலோரம்:
வணக்கம். 2020 மார்ச் கடைசியில், ஊரடங்கு வந்த கையோடு, எங்கள் குடியிருப்பில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு மருந்து வாங்கித் தருவது, தொற்று வந்து அடைபட்டுக் கிடக்கும் வீட்டுக்கு மளிகையைக் கொண்டுபோய் வாசலில் வைப்பது, இதற்காகத்தான். அதுவரை லிஃப்டில் எதிரே நின்றால்கூடப் போனைப் பார்த்துக்கொண்டே போகிறவர்கள் "நான் கடைக்குப் போகிறேன், யாருக்கு என்ன வேண்டும்?" என்று போட்டி போட்டார்கள். செய்தியைப் பார்த்தால் எல்லாம் முடிந்துவிட்ட மாதிரி இருக்கும், குழுவைத் திறந்தால் யாரோ ஒருவர் முகம் தெரியாத இன்னொருவருக்கு இன்சுலின் வாங்கி வந்து கதவில் மாட்டிவிட்டுப் போயிருப்பார். எனக்கு அந்த நாட்களில் தூக்கம் வந்ததே அதனால்தான்.

இப்போது அதே குழுவில் பார்க்கிங் சண்டையும் காலை வணக்கப் படங்களும்தான். கலைத்துவிடலாம் என்று ஒருவர் சொல்ல, நாலைந்து பேர் உடனே கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று கேட்டால் பதிலும் இல்லை. அன்றைக்கு நடந்தது நிஜமான அன்புதானா, இல்லை பயத்தில் எல்லோரும் கொஞ்ச காலம் நல்லவர்களாக இருந்தோமா? உங்கள் பக்கம் எப்படி இருந்தது, எது உங்களைத் தாங்கியது?

மூன்றாம்மாடி:
எங்கள் கட்டடத்தில் இந்த வேலையை ஒருங்கிணைத்தவர்களில் நானும் ஒருத்தி. அன்பா பயமா என்று யோசிக்க அப்போது நேரமே இல்லை, பட்டியல் போடுவதிலேயே பொழுது போய்விட்டது. யார் தனியாக இருக்கிறார், யாருக்குத் தினசரி மாத்திரை, யாரிடம் வண்டி இருக்கிறது, யாருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போய்விட்டது, இவ்வளவுதான் அந்தத் தாளில். நல்ல மனசு எல்லோரிடமும் இருந்தது, அதில் குறையே சொல்ல மாட்டேன், ஆனால் அதை யார் வீட்டு வாசலுக்கு எத்தனை மணிக்கு அனுப்புவது என்று ஒருவர் உட்கார்ந்து எழுதாவிட்டால் ஒரே வீட்டுக்கு மூன்று பேர் போவார்கள், அடுத்த வீட்டுக்கு யாருமே போக மாட்டார்கள்.

இன்னொன்று, உதவி உண்மையிலேயே தேவைப்பட்டவர்கள் பெரும்பாலும் கேட்கவே இல்லை. தெரியாத எண் என்றால் பெரியவர்கள் போனை எடுக்க மாட்டார்கள். "தொந்தரவு எதற்கு" என்பார்கள். அதனால் கறுப்பு மார்க்கரில் பெரிய எழுத்தாக எழுதி, பெயர், வீட்டு எண், தொலைபேசி எண் போட்டு, கதவுக்கு அடியில் தாளைத் தள்ளினோம். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று எழுதினால் பதில் வராது. "நாளை காலை மருந்துக்கடைக்குப் போகிறேன், சீட்டைக் கதவு இடுக்கில் செருகி வையுங்கள்" என்று எழுதினால் சீட்டு வந்துவிடும்.

அப்புறம் அந்த ஆக்சிமீட்டர். விரலில் மாட்டும் அந்தச் சின்னக் கருவி எங்கும் கிடைக்காத வாரங்களில் மொத்தக் கட்டடத்துக்கும் ஒன்றே ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. ஒரு ஜிப் பையில் போட்டு, கூடவே சானிடைசர் நனைத்த பஞ்சு, ஒரு தாளில் குறிப்பு: விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள், நகப்பூச்சை அழித்துவிடுங்கள், எண் நிலைக்கும்வரை கையை ஆட்டாதீர்கள், 94-க்குக் கீழே போனால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூச்சுத்திணறலே தெரியாமல் ஆக்சிஜன் இறங்கிவிடும் என்பதுதானே இந்த நோயின் பெரிய வில்லங்கம். அந்தப் பை வீடு வீடாகப் போய் வந்தது. கடைசிவரை அது தொலையவில்லை, அதைத்தான் இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை (எங்கள் கட்டடத்தில் ஏணி இரவல் போனால் திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது).

இரவுஷிப்ட்:
நான் செவிலியர். தொற்று வார்டில் இருந்தேன். கைதட்டல் பற்றி யாராவது கேட்பார்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 2020 மார்ச் 26-இல் தொடங்கி பத்து வியாழக்கிழமைகள் மருத்துவப் பணியாளர்களுக்காக வாசலில் நின்று கைதட்டினார்கள், மற்ற நாடுகளிலும் விதவிதமாக நடந்தது. கேட்கும்போது தொண்டை அடைத்தது உண்மைதான். ஆனால் முகக்கவசத்தையே மிச்சம் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, தட்டுகிறவர்கள் ஒரு பெட்டி கவசம் அனுப்பினால் தேவலை என்றும் தோன்றும். சில பேர் அனுப்பவும் செய்தார்கள். முப்பரிமாண அச்சுக் கருவி வைத்திருந்த மாணவர்கள் முகத்தடுப்புக்குப் பட்டை செய்து கொடுத்தார்கள், தையல் தெரிந்தவர்கள் துணிக்கவசம் தைத்துக் குவித்தார்கள்.

என்னைத் தாங்கியது வேறு. முழு உடையும் கண்ணாடியும் போட்டுவிட்டால் நாங்கள் எல்லோரும் நோயாளிக்கு ஒரே மாதிரிதான் தெரிவோம். அதனால் உடைமேல் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்வோம். வீட்டாரிடம் போனில் பேசும்போது "அவரை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்?" என்று கேட்டு, அதைப் படுக்கைத் தலைமாட்டில் ஒட்டிவைப்போம். ஆவணத்தில் இருக்கும் நீளப் பெயருக்குக் கண் திறக்காத ஒரு முதியவர், பேத்தி கூப்பிடும் செல்லப் பெயரைச் சொன்னதும் என் பக்கம் திரும்பினார். போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பேன், அந்தப் பக்கம் குடும்பமே நெருக்கியடித்துக்கொண்டு பேசும். கை வலிக்கும், கீழே இறக்க மனசு வராது. எல்லோரும் பிழைக்கவில்லை. நம்பிக்கை என்று நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன், என்னைப் பொறுத்தவரை அது "எல்லாம் சரியாகிவிடும்" என்ற நினைப்பாக இருக்கவே இல்லை. அடுத்த ஒரு மணி நேரத்துக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது, கூட நாலு பேர் இருந்தார்கள், அவ்வளவுதான்.

எதிர்க்கட்சி:
எல்லோரும் இனிப்பாகவே எழுதுகிறீர்கள், கொஞ்சம் கசப்பும் இருக்கட்டும். செவிலியர்களுக்குக் கைதட்டிய அதே காலத்தில்தான், தொற்றைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்று அவர்களை வாடகை வீட்டிலிருந்து காலி செய்யச் சொன்ன செய்திகளும் பல நாடுகளிலிருந்து வந்தன. வீட்டிலேயே இருங்கள் என்றார்கள், வீட்டிலேயே இருந்தால் வருமானம் இல்லாதவர் என்ன செய்வார்? ஜன்னலோரம், உங்கள் குழுவில் யார் யார் இருந்தார்கள்? வீடு வைத்திருப்பவர்கள்தானே? வாசலில் நிற்கும் காவலாளி, துப்புரவு செய்பவர், வேலைக்கு வரும் பெண்கள் இருந்தார்களா? பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர் என்பதை நம்பி ஒரு பெருந்தொற்றைக் கடக்க வேண்டியிருந்தது என்றால், அதில் அரசுகளும் நிர்வாகங்களும் கைவிட்டதும் அடங்கியிருக்கிறது. அதை அன்பு என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் பொறுப்பானவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். குழு இருக்கட்டும், போகட்டும், எனக்கு அதில் அபிப்பிராயம் இல்லை.

பழங்கணக்கு:
எதிர்க்கட்சி சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் "பயமா அன்பா" என்ற கேள்விக்குப் பழைய ஆட்கள் இரண்டும் சேர்ந்துதான் என்று பதில் சொல்லிவைத்திருக்கிறார்கள். கி.மு. 430-இல் ஏதென்ஸில் கொள்ளைநோய் வந்தபோது தானும் நோயில் விழுந்து எழுந்த துசிடிடீஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதியது இது: பயந்து ஒதுங்கியதால் கவனிக்க ஆளில்லாமல் செத்தவர்கள் உண்டு, கூச்சப்பட்டாவது நண்பர்களைப் பார்க்கப் போய் அதனாலேயே செத்தவர்களும் உண்டு, நோயிலிருந்து மீண்டவர்களே மற்றவர்களிடம் அதிக இரக்கத்தோடு இருந்தார்கள். ஏனென்றால் அந்த வலி என்னவென்று அவர்களுக்குத் தெரியும், மறுபடி வந்தாலும் உயிரைக் கொல்லும் அளவுக்கு வராது என்பதும் தெரியும். மூன்றாம்மாடி போட்ட பட்டியலில் "யாருக்கு ஏற்கெனவே வந்து போய்விட்டது" என்று ஒரு வரி இருக்கிறதே, அதே கணக்குதான்.

இங்கிலாந்தில் டெர்பிஷயர் பக்கம் ஈம் என்று ஒரு கிராமம். 1665-இல் அங்கே பிளேக் புகுந்தது, லண்டனிலிருந்து வந்த துணிமூட்டை வழியாக என்பார்கள். அடுத்த கோடையில், வில்லியம் மாம்பெசன் என்ற பாதிரியார் முன்னின்று பேச, ஊரை விட்டு யாரும் வெளியே போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். வெளியூர்க்காரர்கள் எல்லைக் கல்லருகே சாமான்களை வைத்துவிட்டுப் போவார்கள், ஊர்க்காரர்கள் கல்லில் இருந்த குழிகளில் வினிகரை ஊற்றி அதற்குள் காசைப் போட்டு வைப்பார்கள். சுமார் 260 பேர் இறந்தார்கள். அந்த முடிவு உள்ளே இருந்தவர்களுக்கு நல்லதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், அது தனிக் கதை. ஆனால் வாசலில் வைத்துவிட்டு மணியடித்துவிட்டு நகர்ந்துகொள்ளும் நம்முடைய ஏற்பாடு 350 வருடத்துக்கும் மேல் பழையது.

அப்புறம், அந்த நல்லெண்ணம் ஆவியாகிவிட்டதா என்றால், முழுக்க அப்படியும் இல்லை. உலக மகிழ்ச்சி அறிக்கை என்று வருடாவருடம் வருகிறதே, அதில் முன்பின் தெரியாதவருக்கு உதவினீர்களா, நன்கொடை கொடுத்தீர்களா, தன்னார்வப் பணி செய்தீர்களா என்ற கேள்விகளுக்கான பதில்களையும் பார்ப்பார்கள். தொற்றுக்கு முன்பிருந்ததைவிட 2021-இல் இவை சராசரியாகக் கால்வாசி கூடின, 2022-இலும் கிட்டத்தட்ட அதே அளவில் நின்றன. பார்க்கிங் சண்டை போடுகிறவரே தெருவில் விழுந்தவரைத் தூக்கியும் விடுவார், மனிதர்கள் அப்படித்தான்.

எனக்கு நம்பிக்கை வந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜனவரி 11-இல், நோய்க்கு இன்னும் பெயர்கூட வைக்காத நேரத்தில், சாங் யோங்சென் என்ற சீன விஞ்ஞானி விமானத்தில் உட்கார்ந்தபடி போனில் சம்மதம் சொல்ல, ஆஸ்திரேலியாவிலிருந்து எட்வர்ட் ஹோம்ஸ் என்ற விஞ்ஞானி அந்த வைரஸின் மரபணு வரிசையை இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாகப் போட்டார். உரிமை, காப்புரிமை என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை. அதை வைத்துத்தான் உலகம் முழுக்கப் பரிசோதனையும் தடுப்பூசி வேலையும் தொடங்கின, டிசம்பர் 8-ஆம் தேதி பிரிட்டனில் பொதுமக்களுக்கு ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள். பதினோரு மாதத்துக்கும் குறைவு. அந்த ஊசி ஏழை நாடுகளுக்குப் போய்ச் சேர எவ்வளவு தாமதமானது என்பதை எதிர்க்கட்சி எழுதுவார், நானும் ஒத்துக்கொள்வேன்.

எதிர்க்கட்சி:
எழுதலாம் என்றுதான் வந்தேன், நீங்களே எழுதிவிட்டீர்கள்.

ஜன்னலோரம்:
எல்லோருக்கும் நன்றி. இரவுஷிப்ட், நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன், பதில் எழுத வார்த்தை வரவில்லை. எதிர்க்கட்சி கேட்டதற்குப் பதில்: காவலாளிகள் குழுவில் இல்லை, துப்புரவுப் பணியாளர்களும் இல்லை. ஆனால் மாலை நேரத்தில் யார் வீட்டில் விளக்கு எரியவில்லை என்று முதலில் கவனித்துச் சொன்னது இரவுக் காவலாளிதான். வாட்ஸ்அப்பே வேண்டாம், அந்தப் பட்டியல்தான் வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அதைச் சொல்லப் போகிறேன். மூன்றாம்மாடி, உங்கள் தாளில் என்னென்ன கட்டங்கள் இருந்தன, கொஞ்சம் சொல்ல முடியுமா?

மூன்றாம்மாடி:
வீட்டு எண், கூப்பிட வேண்டிய பெயர், போன் எண், அவசரத்துக்கு வெளியூர் உறவினர் ஒருவரின் எண், மாற்றுச்சாவி யாரிடம் இருக்கிறது. வியாதி விவரத்தைப் பொதுத் தாளில் எழுதாதீர்கள், அது மட்டும் தனியாக, இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஊர்வம்பாகிவிடும், அடுத்த தடவை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். காவலாளி, துப்புரவு செய்பவர்கள் பெயரை முதல் வரியிலேயே போடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை எல்லா எண்ணையும் கூப்பிட்டுப் பாருங்கள், பாதி மாறியிருக்கும். குழுவைக் கலைக்கிறவர்கள் கலைக்கட்டும், அதற்கு முன்னால் உறுப்பினர் எண்களை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.