புதுப்பிப்பு: நிக்காஹ் மட்டும் நடந்த திருமணம் முறிந்தால் வீட்டில் பங்கு உண்டா? (டர்பன், தென்னாப்பிரிக்கா)

அரசுப் பதிவின்றி நிக்காஹ் மட்டும் செய்துகொண்ட என் தங்கைக்கு, தலாக்குக்குப் பின் கணவர் பெயரிலுள்ள வீட்டில் பங்கு உண்டா என்று கேட்டிருந்தேன். பதில் தந்தவர்களுக்கு நன்றி. அரசியலமைப்பு நீதிமன்றத்தின் 2022 ஜூன் தீர்ப்பைப் படிக்கச் சொன்னவரின் யோசனையே பலித்தது. அதையொட்டி 2024 மே மாதம் திருத்தப்பட்ட விவாகரத்துச் சட்டம், 2014 டிசம்பர் 15 அன்று நிலைத்திருந்த நிக்காஹ்களுக்கும் பொருந்துவதால், 2009இல் மணமான அவள் வழக்குத் தொடர முடிந்தது.

நாங்கள் எதிர்பாராதது ஒன்று: பாதிப் பங்கு தானாக வராது. ஒப்பந்தம் ஏதுமில்லாவிட்டால் சொத்து தனித்தனி என்றே கொள்ளப்படும் என்பதால், குடும்பத்துக்கு அவள் உழைத்ததைக் காட்ட வேண்டியிருந்தது. பழைய பிஸ்கட் டின்னில் கிடந்த, எண்ணெய்க் கறை படிந்த சமோசாக் கணக்கு நோட்டுகள்தாம் கைகொடுத்தன (தூக்கிப் போடச் சொன்னவன் நான்தான்). வீட்டுக்கு ஈடாக ஒரு தொகையும் பிள்ளைகளின் பராமரிப்பும் சமரசத்தில் முடிவாகி, நீதிமன்ற ஆணையில் இடம்பெற்றுள்ளன.