ஓய்வுபெற்ற காவலர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒரு கேள்வித்தாளைப் பார்த்துத் தர வேண்டும்

வணக்கம். 2020 சாத்தான்குளம் தந்தை-மகன் காவல் மரண வழக்கில் தலைமைக் காவலர் ரேவதி சக காவலர்களுக்கு எதிராக நீதித்துறை நடுவரிடம் சாட்சி சொன்னது நினைவிருக்கும். அப்படி இல்லாமல், சக காவலர்களின் தவறு தெரிந்தும் சொல்லாமல் இருப்பவர்களை எப்படிக் கணக்கெடுப்பது? அதுதான் என் ஆய்வு.

நேராகக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அமெரிக்காவில் கிளாக்கர்ஸ் என்ற ஆய்வாளரின் குழு, காவலர்கள் தவறு செய்வது போன்ற 11 கற்பனைச் சம்பவங்களைக் காவலர்களிடம் கொடுத்து, ‘நீங்கள் புகார் செய்வீர்களா, உங்கள் சக காவலர்கள் செய்வார்களா’ என்று இரண்டையும் கேட்டது. இரண்டாவது பதிலில்தான் விஷயம் கசியும் என்று நினைக்கிறேன்.

அதே பாணியில் நம் ஸ்டேஷனுக்கு ஏற்றபடி சில எழுதியிருக்கிறேன்: டீக்கு காசு கொடுக்காமல் எழுந்து போவது, எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் வந்தது என்பதற்கான ரசீது மட்டும்) அனுப்பிவிடுவது, லாக்கப்பில் அடிப்பது. படித்ததும் காவலர்கள் சிரிப்பார்களா, நம்புவார்களா? அனுபவம் உள்ளவர்கள் பார்த்துச் சொன்னால் போதும். அப்புறம், கமென்டில் யார் பெயரும் ஊரும் வேண்டாம், இன்பாக்ஸுக்கு வாருங்கள்.