1090 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா: கேபிள் நீளத்தைச் சரிபார்க்க உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், விமானங்கள் தங்கள் இடத்தையும் உயரத்தையும் சொல்லி அனுப்பும் ஏடிஎஸ்-பி சிக்னலைப் பிடிக்க நானே ஆன்டெனா செய்துவருகிறேன். அந்த சிக்னல் வரும் 1090 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 6.9 செ.மீ. அந்த அளவில் செம்புக் கம்பியை நிமிர்த்தி, கீழே நான்கு கம்பிகளைச் சாய்த்து வைத்த சிலந்தி ஆன்டெனா அருமையாக வேலை செய்கிறது. தெற்கே கடல்தானே, மறைப்பே இல்லை. 35,000 அடியில் பறக்கும் விமானத்தைக் கணக்குப்படி சுமார் 400 கி.மீ. வரை பிடிக்கலாம்.

அடுத்து, கேபிள் டிவிக்கு இழுக்கும் ஆர்ஜி-6 வயரைத் துண்டுகளாக்கி, ஒன்றின் நடுக்கம்பி அடுத்ததன் வலையைத் தொடும்படி மாற்றி மாற்றிக் கோத்து, கோலினியர் (துண்டுகள் ஒரே நேர்கோட்டில் அடுக்கிய ஆன்டெனா) செய்தேன். அதில்தான் சிக்கல். சிலந்தியைவிடக் குறைவான விமானங்களே தெரிகின்றன. அரை அலைநீளமான 13.75 செ.மீ.யைக் கேபிளின் திசைவேகக் காரணியால் (ஒளிவேகத்தில் எத்தனை பங்கு வேகத்தில் கேபிளுக்குள் சிக்னல் போகிறது என்ற எண்) பெருக்கித் துண்டின் நீளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வயரின் மேல் அந்த எண் இல்லை. 0.83 என்றால் 11.4 செ.மீ., 0.66 என்றால் 9.1. இது சின்ன வித்தியாசமா? ஆன்டெனா, கேபிள்களைச் சோதிக்கும் நானோ விஎன்ஏ என்ற சிறு கருவியால் இந்தக் காரணியை அளந்தவர்கள் தயவுசெய்து வழிமுறை சொல்லுங்கள். அலுமினிய வலையில் ஈயம் ஒட்டவே மறுக்கிறது. வெறுமனே செருகிய இணைப்பு உப்புக்காற்றில் தாங்குமா?

இன்னொன்று. திருவனந்தபுரத்தில் இறங்கும் விமானங்கள் தாழ்ந்ததும் திரையிலிருந்து மறைந்துவிடுகின்றன. வேளிமலை மறைக்கிறது என்பது என் ஊகம். தக்கலை, குழித்துறைப் பக்கத்தில் இதைச் செய்பவர்கள், உங்களுக்கு எந்த உயரம் வரை தெரிகிறது என்று எழுதினால் பேருதவியாக இருக்கும்.