அவசரம்: கிளைக்குப் போற பேக்கப் காப்பி மட்டும் நிக்குது, ஆனா பிங் போகுது

திருப்பூர்_சர்வர் · காலை 9:12
வணக்கம். கோவை ஹெட் ஆபீஸ் பேக்கப் சர்வர்ல இருந்து என்ஏஎஸ்க்கு (நெட்வொர்க்ல மாட்டின ஸ்டோரேஜ் பெட்டி) லோக்கல் பேக்கப் அருமையா போகுது. அங்கிருந்து திருப்பூர் கிளை என்ஏஎஸ்க்கு டன்னல் (ரெண்டு ஆபீஸையும் இணைக்கற தனிப் பாதை) வழியா போற காப்பி மட்டும் மூணு நாளா ஃபெயில். டன்னல் அப்ல இருக்கு, பிங் (பதில் வருதான்னு பாக்கற சின்னச் செய்தி) போகுது. எதையும் மாத்தல. இன்னிக்குள்ள சரி பண்ணணும், உதவுங்க.

கயல்_நெட் · 9:20
சர்வர்ல எத்தனை நெட்வொர்க் கார்டு? ஒவ்வொண்ணுக்கும் ஐபி முகவரி, மாஸ்க், கேட்வே (வேற நெட்வொர்க்குக்குப் போற வாசல்) என்ன? விண்டோஸா லினக்ஸா? பிங் எந்த மெஷின்ல இருந்து அடிச்சீங்க? இது தெரியாம யாரும் எதுவும் சொல்ல முடியாது.

நள்ளிரவு_காப்பு · 9:26
ரெண்டு ஆபீஸும் 192.168.1 தானே? ரவுட்டர் பெட்டியோட வந்த ஐபியை அப்படியே விட்டா டன்னல் அப்னு காட்டும், டேட்டா போகாது. என் ஓட்டு இதுக்குத்தான். ஒரு பக்கத்து ரேஞ்சை மாத்துங்க.

பழைய_சுவிட்ச் · 9:41
வாரம் ஒரு தடவை இதே கேள்வி வருது. "எதையும் மாத்தல"ன்னு எழுதறவங்க எல்லாரும் ஏதோ ஒண்ணை மாத்தியிருப்பாங்க. நெட்வொர்க் படம் ஒண்ணு வரையாம பேக்கப் சர்வர்ல கை வைக்கக் கூடாது தம்பி. அடிப்படையை முதல்ல படிங்க.

திருப்பூர்_சர்வர் · 9:58
மன்னிக்கணும். விண்டோஸ் சர்வர் 2019. ஆபீஸ் கார்டு 192.168.1.20, கேட்வே 192.168.1.1 (ஃபயர்வால், டன்னல் இதுலதான்). பேக்கப் கார்டு 10.10.50.20, கேட்வே 10.10.50.1 (சுவிட்ச்). கிளை 192.168.20 ரேஞ்ச். பிங் என் லேப்டாப்ல இருந்து அடிச்சேன். ஆமா, சனிக்கிழமை பேக்கப் கார்டை 1 ஜில இருந்து 10 ஜிக்கு (ஜிகாபிட் வேகம்) மாத்தினோம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காதுன்னு நினைச்சு சொல்லாம விட்டுட்டேன்.

கயல்_நெட் · 10:07
அந்தக் கார்டுதான் காரணம். ஒரே மெஷின்ல ரெண்டு டிஃபால்ட் கேட்வே போட்டிருக்கீங்க. விண்டோஸ் தானா மெட்ரிக் (எந்த வழிக்கு முன்னுரிமைன்னு சொல்ற எண்) போடும்போது வேகத்தைப் பார்த்துப் போடும்: 1 ஜி கார்டுக்கு 25, 10 ஜி கார்டுக்கு 15. சின்ன எண் ஜெயிக்கும். சனிக்கிழமை வரைக்கும் ரெண்டும் 25, ஏதோ அதிர்ஷ்டத்துல ஓடிச்சு. இப்ப 192.168.20க்குப் போற பாக்கெட் எல்லாம் 10.10.50.1க்குப் போகுது. அந்த சுவிட்சுக்குக் கிளைக்கு வழி தெரியாது, அங்கேயே செத்துடுது. லேப்டாப்புக்கு ஒரே கேட்வே, அதனால அதுல பிங் போச்சு.

செய்ய வேண்டியது: 10.10.50.20 கார்டுல கேட்வே கட்டத்தைக் காலியாக்குங்க. ஹெட் ஆபீஸ் என்ஏஎஸ் அதே சப்நெட்ல (10.10.50 ரேஞ்ச்) இருக்கறதால கேட்வே தேவையே இல்ல. ரூட் பிரிண்ட் (வழிப் பட்டியல் காட்டற கமாண்ட்) அடிச்சா 0.0.0.0 வரி (டிஃபால்ட் கேட்வே) ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும், 192.168.1.1 காட்டணும். அப்புறம் சர்வர்ல இருந்தே கிளை என்ஏஎஸ்க்கு ட்ரேஸ்ரூட் (பாக்கெட் போற வழியைக் காட்டறது) அடிங்க, முதல் ஹாப் (முதல் நிறுத்தம்) 192.168.1.1 வரணும்.

நள்ளிரவு_காப்பு · 10:15
ரேஞ்ச் வேற வேறன்னா என் கணிப்பு தப்பு. கயல் சொன்னதைப் பண்ணுங்க.

திருப்பூர்_சர்வர் · 11:02
கேட்வே எடுத்தாச்சு. ஜாப் ஸ்டார்ட் ஆகுது! சின்ன ஃபைல் போகுது, பெரிய ஃபைல் வந்ததும் 0 கேபிபிஎஸ்ல தொங்குது.

பாக்கெட்_பிடி · 11:10
எம்டியு (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) பிரச்சினை. டன்னல் தன் ஹெட்டரைச் சேர்க்கறதால 1500 பைட் பாக்கெட் உள்ள நுழையாது. "சின்னதா அனுப்பு"ன்னு திரும்பி வர்ற ஐசிஎம்பி செய்தியை நடுவுல ஃபயர்வால் தடுத்தா, சர்வர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பித் தொங்கும். சர்வர்ல இருந்து துண்டாக்காத பிங் அடிங்க, 1472ல ஆரம்பிச்சு இறக்கிட்டே வாங்க. போற அளவோட 28 கூட்டினா அதுதான் பாதையோட எம்டியு. அதுல 40 கழிச்சு ஃபயர்வால்ல டன்னலுக்கு எம்எஸ்எஸ் கிளாம்ப் (ஒரு பாக்கெட்ல போற டேட்டாவுக்கு வரம்பு) போடுங்க. 10 ஜி கார்டுல ஜம்போ (பெரிய பாக்கெட்) 9000 வெச்சிருந்தா அது பேக்கப் வீலானுக்குள்ள (சுவிட்ச்லயே பிரிச்ச தனி நெட்வொர்க்) மட்டும் இருக்கட்டும். கார்டு, சுவிட்ச், என்ஏஎஸ் மூணுலயும் இருக்கணும், 8972 பிங் போனாதான் சரி. ஆபீஸ் கார்டு 1500லயே இருக்கட்டும்.

பழைய_சுவிட்ச் · 11:24
இதெல்லாம் ஒட்டுப்போடற வேலை. பேக்கப் நெட்வொர்க்குக்கு கேட்வேயே இருக்கக் கூடாது, யாருக்கும். தனி சுவிட்ச், தனி கேபிள். வீலான் எல்லாம் பாதுகாப்பு இல்ல.

கயல்_நெட் · 11:33
அதை ஒத்துக்க மாட்டேன் சார். கேட்வே இல்லாத என்ஏஎஸ் டைம் எங்கிருந்து எடுக்கும்? டிஸ்க் செத்தா மெயில் எப்படி அனுப்பும்? ரெய்டுல (பல டிஸ்க் சேர்ந்த அமைப்பு) ஒரு டிஸ்க் போனது தெரியாம இருந்தா ரெண்டாவது போகும்போது எல்லாமே போயிடலாம். 10.10.50.1ஐ சுவிட்ச்ல வைக்காம ஃபயர்வால்ல வைக்கணும். சுவிட்ச்ல வெச்சா ஆபீஸ் வீலான்ல இருந்து பேக்கப் வீலானுக்கு ரூல் எதுவும் இல்லாம வழி திறந்துடும், ரான்சம்வேருக்கு (ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கற வைரஸ்) அது போதும். ஃபயர்வால்ல வெச்சா என்ஏஎஸ்ல இருந்து வெளிய டைமுக்கு போர்ட் 123, மெயிலுக்கு போர்ட் 587, அவ்வளவுதான். உள்ள வர்ற எல்லாம் மூடு.

பழைய_சுவிட்ச் · 11:40
ஃபயர்வால்ல ஒரு ரூல் தப்பாப் போட்டா எல்லாம் திறந்துடும். தனி கேபிள்ல தப்பு பண்ண முடியாது.

பாக்கெட்_பிடி · 11:52
தனி கேபிள் இருந்தாலும் சர்வர் ரெண்டு பக்கமும் கால் வெச்சுதான் நிக்குது. சர்வரைப் பிடிச்சவன் என்ஏஎஸையும் பிடிப்பான். என்ஏஎஸை டொமைன்ல (ஆபீஸ் பொது லாகின் அமைப்பு) சேர்க்காதீங்க, பாஸ்வேர்டு தனியா இருக்கட்டும், அழிக்க முடியாத ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) போடுங்க. கேபிளை விட இதுதான் காப்பாத்தும்.

நள்ளிரவு_காப்பு · 12:05
கேட்டவர் எங்க? லைன் அப்லோடு எவ்வளவு, ஒரு நாள் மாற்றம் எத்தனை ஜிபி? 50 எம்பிபிஎஸ்ல 60 ஜிபி போக 2 மணி 40 நிமிஷம் சுத்தமான கணக்கு, நிஜத்துல 3 மணி வைங்க. முழு 4 டிபியை அதே லைன்ல அனுப்பினா ஏழு நாளுக்கு மேல ஆகும். அதை டிஸ்க்ல எடுத்து வண்டில கொண்டு போய் ஏத்துங்க, லைன்ல மாற்றம் மட்டும் போகட்டும்.

திருப்பூர்_சர்வர் · மறுநாள் காலை 8:47
1372ல பிங் போச்சு, எம்எஸ்எஸ் 1360 போட்டேன். நைட் காப்பி முழுசாப் போயிடுச்சு. எல்லாருக்கும் நன்றி. கயல் சொன்னதும் டெஸ்ட் மெயில் அனுப்பிப் பார்த்தேன், என்ஏஎஸ்ல இருந்து வரல. 10.10.50.1ஐ ஞாயித்துக்கிழமை ஃபயர்வாலுக்கு மாத்தறோம்.