டோக்கியோ, கியோட்டோ, ஹிரோஷிமா, கனசாவா: ஜேஆர் பாஸ் எடுக்கலாமா வேண்டாமா? உதவி தேவை

நவம்பர் கடைசியில் அப்பா, அம்மா, மனைவி, நான் என நாலு பேர் 8 இரவுகளுக்கு ஜப்பான் போகிறோம். டோக்கியோவில் 3 இரவு, கனசாவாவில் 1, கியோட்டோவில் 3, ஹிரோஷிமாவில் 1, அப்புறம் டோக்கியோவுக்கே திரும்பி வந்து விமானம் ஏறுவதாகத் திட்டம். 7 நாள் ஜேஆர் பாஸ் (ஜப்பான் முழுக்க ஜேஆர் ரயில்களில் ஏறும் சுற்றுலாச் சீட்டு) ஒரு ஆளுக்கு 50,000 யென், நாலு பேருக்கு 2 லட்சம் யென் என்று பார்த்ததும் தலை சுற்றிவிட்டது. பழைய பதிவுகளில் எல்லாரும் "கண்ணை மூடிக்கொண்டு பாஸ் எடு" என்கிறார்கள். நான் எங்கே தப்பாகக் கணக்குப் போடுகிறேன்? விமான டிக்கெட் இன்னும் போடவில்லை.

பதில் 1
கணக்கு சரிதான் தம்பி, பதிவுகள்தான் பழசு. 2023 அக்டோபர் வரை அந்தப் பாஸ் 29,650 யென், அப்போது யோசிக்காமல் எடுத்தோம். அதன்பின் 50,000 ஆக்கிவிட்டார்கள், அதைக் கொடுத்தாலும் நொசோமி என்ற அதிவேகப் புல்லட் ரயிலில் ஏற டோக்கியோ - கியோட்டோவுக்கு மட்டும் 4,960 யென் தனியாகக் கேட்பார்கள். விமான டிக்கெட் போடாதது நல்லதாப் போச்சு. மல்டி சிட்டியாக டோக்கியோவில் இறங்கி, ஒசாகா பக்கமுள்ள கன்சாய் விமான நிலையத்தில் ஏறுங்கள். திரும்பி வரும் அந்த ஒரு ஷின்கான்சென் (புல்லட் ரயில்) பயணம்தான் உங்கள் பணத்தைத் தின்கிறது.

டோக்கியோ - கியோட்டோ தனி டிக்கெட் சுமார் 14,000. அப்புறம் கன்சாய் - ஹிரோஷிமா பாஸ், 5 நாள், நான் கடைசியாகப் பார்த்தபோது 17,000. மொத்தம் 31,000. ஒசாகாவின் ஷின்-ஒசாகா நிலையத்திலிருந்து ஹிரோஷிமா வரை அந்தப் பாஸில் நொசோமியே ஏறலாம், ஹிரோஷிமா பக்கத்துத் தீவான மியாஜிமாவுக்குப் போகும் ஜேஆர் படகும், விமான நிலையம் போகும் ஹாருகா ரயிலும் அதற்குள்ளேயே வந்துவிடும். கியோட்டோ - ஷின்-ஒசாகா ஷின்கான்சென் மட்டும் சேராது, சாதாரண விரைவு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. கியோட்டோ போய்ச் சேர்ந்த மறுநாளிலிருந்து பாஸைத் தொடங்குங்கள், 5 நாளும் வீணாகாது.

கனசாவாவை விட்டுவிடுங்கள். 2024 மார்ச்சிலிருந்து அங்கிருந்து கியோட்டோ போக ட்சுருகாவில் இறங்கி ரயில் மாற வேண்டும், பெரியவர்களையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு தேவையா?

பதில் 2
எனக்கு இதில் உடன்பாடில்லை. நவம்பரில் கென்ரொகுவென் தோட்டத்துப் பைன் மரங்களுக்குப் பனிப் பாரம் தாங்கக் கம்பத்து உச்சியிலிருந்து குடைக்கம்பி மாதிரி கயிறு இழுத்துக் கட்டியிருப்பார்கள், அதைப் பார்த்தவன் கனசாவாவை விடு என்று சொல்ல மாட்டான். டோக்கியோவிலிருந்து இரண்டரை மணி நேரம்தான். விடுவதென்றால் ஹிரோஷிமாவை விடுங்கள், ஹொகுரிகு ஆர்ச் பாஸில் கனசாவா வழியாகவே கியோட்டோ, ஒசாகா வரை போய்விடலாம்.

கேட்டவர்
ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணா. அப்பா ரிடையர்ட் வரலாற்று வாத்தியார், அணுகுண்டு விழுந்த இடத்தைப் பார்க்காமல் திரும்பினால் என்னைச் சும்மா விடமாட்டார். அதனால் கனசாவா அவுட், அந்த இரவு ஒசாகாவுக்கு. பெட்டிகளை என்ன செய்வது?

பதில் 1
நீளம், அகலம், உயரம் கூட்டினால் 160 செ.மீ.க்கு மேல் வருகிற பெட்டியென்றால் அதற்கான இருக்கையை முன்பதிவின்போதே எடுக்க வேண்டும், கூடுதல் கட்டணம் இல்லை. பதிவு செய்யாமல் ஏற்றினால் 1,000 யென். நானாக இருந்தால் டோக்கியோ ஓட்டலிலேயே தக்யூபின் என்ற பெட்டி கூரியரில் கொடுத்துவிடுவேன், பெரும்பாலும் மறுநாள் கியோட்டோ ஓட்டலுக்கு வந்துவிடும். டோக்கியோவிலிருந்து போகும்போது 'இ' இருக்கை கேளுங்கள், வானம் தெளிவாக இருந்தால் முக்கால் மணி நேரத்தில் ஃபுஜி மலை அந்தப் பக்கம்தான். கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோயிலுக்கு விடியற்காலையில் போங்கள், நாரா வழித்தடத்தில் ரேபிட் ரயில் இனாரி நிலையத்தில் நிற்காது, லோக்கலில் ஏற வேண்டும். மியாஜிமாவுக்குக் கடல் ஏறும் நேரம், வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். ஏறினால் அங்கே கோயிலின் தோரி நுழைவாயில் தண்ணீரில் மிதக்கிற மாதிரி இருக்கும், வற்றினால் அதன் காலடி வரை நடக்கலாம். படகுத்துறையில் இரண்டு கம்பெனிப் படகு உண்டு, பாஸ் ஜேஆருக்கு மட்டும்தான். தீவு வரி 100 யென் தனி.

கேட்டவர் (டிசம்பர்)
போய் வந்துவிட்டோம், ஆளுக்கு 19,000 யென் மிச்சம். ஒரே குழப்பம் டோக்கியோ ரயில் நிலையத்தின் தானியங்கி டிக்கெட் கேட்டில்தான். கட்டணச் சீட்டு, விரைவு ரயில் சீட்டு என்று ஆளுக்கு இரண்டு கொடுத்திருந்தார்கள், அப்பா ஒன்றை மட்டும் போட்டதும் கேட் அலறிக்கொண்டு மூடிக்கொண்டது. ஊழியர் ஓடிவந்து இரண்டையும் ஒன்றாக அடுக்கிப் போடச் சொல்லி சைகை காட்டினார். அந்தப் பக்கம் வரும் சீட்டுகளை எடுக்க மறக்காதீர்கள், அம்மா மறந்துவிட்டார். அப்புறம் மியாஜிமா: கடல் ஏறும் நேரத்தை அழகாக எழுதி எடுத்துப் போனோம் அண்ணா. படகிலிருந்து இறங்கி அப்பா அதை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து வந்த மான் பாதித் தாளைத் தின்றுவிட்டது.