மறுமொழி: ‘பேஸ்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் – தாழொலியா, மந்தரமா, அடியொலியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பாட்டில் கீழே கனமாக ஒலிக்கிற ‘பேஸ்’ (bass) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிற இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சோம்பல் இல்லை. ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் அக்கா வீட்டுத் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். நாம் தேடுகிற சொல்லுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

> தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ஒலி, ஆகவே தாழொலி. இதில் என்ன குழப்பம்?

குழப்பம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனிடம், “தாழொலியைக் கொஞ்சம் கூட்டுப்பா” என்று சொல்லிப் பார்த்தேன். அவன் ஸ்பீக்கர் பெட்டியின் குமிழில் கை வைத்துக்கொண்டு, “தாழ்வா வைக்கவா, கூட்டவா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க மாமா” என்றான். அவன் கேட்டது நியாயம்தான். தாழ்ந்த குரல் என்றால் நமக்கு மெல்லப் பேசுகிற குரல். சத்தத்தின் அளவையும் சுருதியின் உயரத்தையும் ஒரே ‘தாழ்’ சுமக்கிறது. எழுதுகிற இடத்தில் இது தெரியாது. குமிழைத் திருகுகிற இடத்தில்தான் தெரியும்.

மெலிவு என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கும் ஆசைதான். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலேயே வலிவு, மெலிவு, சமன் என்று மூன்று நிலைகளும் வந்துவிட்டன. மெலிவு என்பது கீழ்த்தாயி (தாழ்ந்த சுரங்களின் வரிசை), அதாவது நாம் கேட்பதற்கு மிக அருகில் உள்ள பொருள். ஆனால் இன்றைக்கு ‘இந்த ஸ்பீக்கரில் மெலிவு அதிகம்’ என்று விளம்பரம் எழுதினால் ஒரு பெட்டிகூட விற்காது. இன்றைய காதுக்கு மெலிவு என்றால் சோகை.

மந்தரம் (கீழ்த்தாயிக்கு இன்னொரு பெயர்) நல்ல சொல், ஆனால் மந்தம் பக்கத்திலேயே நிற்கிறது. கார்வை இன்னும் நல்ல சொல். ‘கார்வையான குரல்’ என்றால் எல்லோருக்கும் புரியும். ஆனால் கர்நாடக இசைக்காரர்கள் ஒரு சுரத்தை நீட்டி நிறுத்துவதற்கு அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். (சில மலிவுப் பெட்டிகளில் பேஸ் ஒரு தட்டுத் தட்டினால் அடுத்த தட்டு வரைக்கும் நீண்டுகொண்டே இருக்கும். அதற்கு வேண்டுமானால் கார்வை பொருந்தும்.) முழங்குவது என்ற பொருளில் இமிழ் என்று பரிந்துரைத்த ஐயா மன்னிக்க வேண்டும். இமிழ்கடல், இமிழ்முழவு எல்லாம் அழகு. ஆனால் கடையில் போய் “இமிழ் எப்படி?” என்று கேட்டால், ‘தமிழ்’ என்பதில் ‘த’வை விழுங்கிவிட்டதாக நினைப்பார்கள்.

குரைப்பான் என்று ஒருவர் கேலியாக எழுதியதை மட்டும் நான் தள்ளமாட்டேன். பேஸ் ஒலிக்கிற பெரிய ஸ்பீக்கருக்கு வைத்த வூஃபர் என்ற ஆங்கிலப் பெயரே நாய் குரைக்கிற சத்தத்திலிருந்து வந்ததுதான். கீச்சென்ற மேல் சுருதிகளை ஒலிக்கிற சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் குருவிச் சத்தம். அவர்கள் நாயையும் குருவியையும் வைத்துப் பெயர் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். நாம்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் சங்க இலக்கியத்தில் சாட்சி தேடுகிறோம்.

சரி, தவழ்ந்த கதைக்கு வருகிறேன்.

அக்கா மகனுக்குப் பேஸ் பைத்தியம். இளையராஜா பாட்டில் மற்றவர்கள் குரலைக் கேட்டால் இவன் கீழே ஓடுகிற பேஸ் கிட்டாரைத்தான் கேட்பான். கையில் பன்னிரண்டாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தான். என்னிடம் கேட்காமலே ஒரு செட் வாங்கிவிட்டான்: ஒரு பெரிய பெட்டி, இரண்டு சின்னப் பெட்டி. அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் பல ஆயிரம் வாட் என்று போட்டிருந்தது. நான் பெட்டியைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த சின்னத் தாளைக் காட்டினேன். அதில் மின் நுகர்வு 60 வாட். சுவரிலிருந்து அறுபது வாட் இழுக்கிற பெட்டி ஆயிரக்கணக்கில் எங்கிருந்து வெளியே விடும்? பி.எம்.பி.ஓ. (ஒரு கண நேர உச்சம்) என்று போடுகிற எண்ணுக்கு ஒரு மதிப்பும் கிடையாது, ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய வாட்) என்று போட்டிருப்பதைத்தான் பார்க்க வேண்டும். இதற்கு முன் ஒரு கடையில் 4440 என்ற ஐசி (சத்தத்தைப் பெருக்குகிற சில்லு) போட்டுக் கோத்த ஆம்ப்ளிஃபயரை இருநூறு வாட் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த ஐசியால் ஒரு பக்கத்துக்கு ஆறு வாட் சொச்சம்தான் தர முடியும்.

வாட்டைப் பற்றி இன்னொன்று. வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது, சத்தத்தை அளக்கிற டெசிபெல் கணக்கில் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். அதனால் காசு குறைவாக இருக்கிறவன் வாட்டைத் துரத்தக் கூடாது. ஸ்பீக்கரின் கூம்புத்தாள் எத்தனை அங்குலம், பெட்டி எவ்வளவு கனம், ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபெல் தருகிறது, இதைக் கேட்க வேண்டும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. நாலங்குல ஸ்பீக்கர் அந்த அதிர்வெண்ணைத் தொடவே தொடாது; அதன் மடங்குகளாக மேலே வருகிற கிளை அதிர்வுகளைக் கேட்டு மூளைதான் மிச்சத்தை நிரப்பிக்கொள்கிறது. போனில்கூட பேஸ் கேட்பது போலத் தோன்றுவது இதனால்தான்.

நம் கரைக்கென்று ஒரு கவலை உண்டு. கூம்பைச் சுற்றி விளிம்பில் ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தால் சில வருடத்தில் உதிர்ந்து போகும்; ரப்பர் விளிம்பு தாங்கும். உப்புக்காற்றில் செம்புக் கம்பியின் முனை பச்சைக் களிம்பு பிடிக்கும். வருடம் ஒருமுறை முனையை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவிச் செருகினால் போதும்.

செட்டை வைத்துப் போட்டுப் பார்த்தோம். அவர்கள் அறை பத்துக்குப் பன்னிரண்டு, கான்கிரீட் கூரை. பெரிய பெட்டியை மூலையில் வைத்திருந்தான். மூலையில் வைத்தால் பேஸ் கூடும், உண்மைதான், ஆனால் எல்லாச் சுரமும் ஒரே மாதிரி கூடுவதில்லை. போனில் ஒவ்வொரு அதிர்வெண்ணாக ஒலிக்கவிட்டேன். 35 ஹெர்ட்ஸில் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியின் ஓட்டை முன்னால் கையை வைத்தால் காற்று மட்டும் புஸ் புஸ்ஸென்று வந்தது. 40 பரவாயில்லை. 47க்கு வந்ததும் பீரோச் சாவிக்கொத்து கிணுகிணுத்தது, ஜன்னல் கம்பி முனகியது, அக்கா அடுப்படியிலிருந்து “லாரி ஏதும் வருதா?” என்று கேட்டாள். 60இல் மறுபடி சாது.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் போகும். பன்னிரண்டடி என்பது 3.66 மீட்டர். சுவருக்குச் சுவர் போய்த் திரும்பி, இடம் நகராமல் அதிர்கிற நிலை அலை அந்த நீளத்துக்குச் சரியாக 47 ஹெர்ட்ஸில் விழுகிறது. ஆகவே பாட்டில் எந்தச் சுரம் வந்தாலும் அறை அந்த ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு ஊமை ஊமையாக உருட்டுகிறது. ஓலைக் கொட்டகையாக இருந்தால் இந்தத் தொல்லை வராது. பேஸ் ஓலை வழியே வெளியே போய்விடும். கான்கிரீட் சுவர் அதை விடாது.

இதற்கு மருந்து தவழ்வதுதான். பெரிய பெட்டியைத் தூக்கி, உட்கார்ந்து கேட்கிற கட்டிலின் மேல் வைத்தோம். பேஸ் கிட்டார் ஏறி இறங்குகிற ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, காதைத் தரைக்கு அருகில் வைத்துக்கொண்டு சுவரோரமாகத் தவழ்ந்தோம். காதும் பெட்டியும் இடம் மாறிக்கொண்டாலும் அறை ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். ஆகவே எந்த இடத்தில் எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ, பெட்டிக்கு அதுவே இடம். அக்கா வாசலில் வந்து நின்று, “என்னத்தடா தேடுறீக ரெண்டு பேரும்?” என்றாள். “பேஸ்” என்றான் அவன். “காலையில கூட்டுனப்ப ஒண்ணும் கெடைக்கலையே” என்றாள்.

நீளச் சுவரில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அங்கே வைத்துப் போட்டதும் அவன் சொன்னதைத்தான் இந்தக் குழுமத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன்: “இப்ப அடி தனியா கேக்குது மாமா. முன்ன சும்மா தென்கடல் மாதிரி குமுறிக்கிட்டே இருந்துச்சு.”

எங்கள் தீவில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். வடக்கே பாக் விரிகுடா பெண்கடல், அடங்கிக் கிடக்கும். தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் ராத்திரி படுத்தால் தென்கடல் குமுறுவது வீட்டுக்குள் கேட்கும். அதில் தொடக்கம் எது, முடிவு எது என்று தெரியாது. எத்தனை அலை என்று எண்ண முடியாது. கெட்ட பேஸுக்கு இதைவிடச் சரியான வருணனை எனக்குத் தெரியவில்லை.

நாம் இதுவரை ஒரே ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தோம். பெட்டி வாங்குகிறவனுக்கு ஒரு சொல் போதாது. பேஸ் என்று ஒன்று. பேஸ் மாதிரி ஏமாற்றுவது என்று இன்னொன்று. கடைக்காரர் இரண்டையும் ‘பேஸ் சும்மா அள்ளும்’ என்று ஒரே வாக்கியத்தில் விற்றுவிடுகிறார். இரண்டுக்கும் தனிப்பெயர் இருந்தால், ‘அண்ணே, இது அடி இல்ல, குமுறல்’ என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

ஆகவே என் பரிந்துரை: பேஸ் – அடியொலி. பேச்சில் வெறும் அடி. சப்வூஃபர் (பேஸுக்கென்றே உள்ள அந்தப் பெரிய பெட்டி) – அடியொலிப் பெட்டி. அறையோ பெட்டியோ ஒரே சுரத்தைப் பிடித்து உருட்டுவது – குமுறல். அதற்கு எதிரான நல்ல குணத்துக்கு இறுக்கம். இந்தக் கடைசிச் சொல் பறைக்காரர்களிடம் எடுத்தது. ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிட்டால் நெருப்பில் காய்ச்சி இறுக்குவார்கள். தளர்ந்த அடிக்கும் இறுகிய அடிக்கும் உள்ள வித்தியாசம் தெருவில் நிற்கிற குழந்தைக்கும் தெரியும்.

‘அடி’ நான் கண்டுபிடித்ததில்லை. கந்தூரிக்கும் முளைப்பாரிக்கும் மாதா கோயில் திருவிழாவுக்கும் செட் கட்டுகிற மைக்செட்காரர்கள் ‘அடி பத்தல’, ‘அடியைக் கொற’ என்று சொல்லி நான் கேட்டு வளர்ந்தேன். அடிப்பகுதி என்ற பொருளும் தட்டு என்ற பொருளும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருக்கின்றன. மீன்பிடிக்கிற ஊரில் மேல்நீர், அடிநீர் என்று பிரித்துப் பேசிப் பழகியவர்களுக்கு அடியொலியை விளக்க வேண்டியதே இல்லை.

> அடிநாதம் என்ற சொல் இருக்கும்போது புதிதாக ஏன்?

நியாயமான கேள்வி. அதன் நேர்ப்பொருளே பேஸ்தான். ஆனால் கட்டுரைக்காரர்கள் அதை எடுத்து ‘மனிதநேயமே இக்கதையின் அடிநாதம்’ என்று எழுதி எழுதித் தேய்த்துவிட்டார்கள். ‘அடிநாதத்தைக் குறை’ என்றால் நூல் விமர்சனம் மாதிரி இருக்கிறது.

தொண்டி அண்ணன் நேற்றிரவு தனிமடலில் கடுமையான ஒன்றைக் கேட்டார். பொதுவில் பதில் சொல்லச் சொன்னதால் இங்கே எழுதுகிறேன். அடியொலி என்றால் காலடிச் சத்தம் என்று படிக்கமாட்டார்களா என்பது கேள்வி. படிப்பார்கள் அண்ணே, தனியாகப் பார்த்தால். ஆனால் நடைமுறையில் நாம் காலடி ஓசை என்று காலைச் சேர்த்தே எழுதுகிறோம். ஒலிபெருக்கியைப் பாருங்கள். சத்தத்தைப் பெருக்குவது ஆம்ப்ளிஃபயர். பெயரை ஸ்பீக்கர் வாங்கிக்கொண்டு போய்விட்டது. பாடப்புத்தகம் ஆம்ப்ளிஃபயருக்குப் பெருக்கி என்று பாதியைக் கொடுத்துச் சமாதானம் செய்துவிட்டது. யாரும் குழம்பிச் சாகவில்லை. அடியொலியும் அப்படித்தான் பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன். ஆனாலும் உங்கள் ஆட்சேபத்தைச் சொற்பட்டியலில் குறித்து வைக்கச் சொல்கிறேன்.

கிராஸ்ஓவருக்கு எனக்கு இன்னும் ஒன்றும் பிடிபடவில்லை. எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே பெரிய பெட்டி, எதற்கு மேலே சின்னப் பெட்டி என்று பிரித்து அனுப்புகிற வேலை அது. மடை என்று வைக்கலாமா என்று பார்த்தேன். மடை நீரைத் திறந்துவிடும், அடைக்கும். ஆனால் மேல்நீரையும் அடிநீரையும் பிரிக்காது. யாராவது சொல்லுங்கள்.

செட் இப்போது நன்றாகப் பாடுகிறது. ஊருக்குக் கிளம்பும் முன் அக்காவுக்கு எளிதாக இருக்கட்டும் என்று குமிழ்களுக்கு மேல் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் பெயர் எழுதிவிட்டு வந்தேன். மூன்றாவது குமிழுக்கு மேல் ‘அடி’ என்று எழுதியிருந்தது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

“யாரடா?” என்றாள்.