குடலில் என்இடி (நியூரோஎண்டோகிரைன்) கட்டி: ஊசி போட்டும் வயிற்றுப்போக்கு நிற்கல, எதை நிறுத்தணும்?

திங்கள்சந்தை_மகள்:
அம்மாவுக்கு 61 வயசு. சிறுகுடலில் நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கிற வகை), ஈரலிலும் பரவியிருக்கு. சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்தாச்சு. 28 நாளுக்கொருக்க ஆக்ட்ரியோடைடு 30 மி.கி. ஊசி. முகம் சிவக்கிறது குறைஞ்சிட்டு. ஆனா நாளுக்கு அஞ்சாறு தடவை வயிற்றாலே போகுது, எடையும் இறங்குது. மட்டிப்பழம், மீன், தேங்காய் எல்லாத்தையும் நிறுத்தணும்னு ஆளாளுக்குச் சொல்லுதாவ.

தக்கலை_உணவியல்:
எதையும் நிறுத்துறதுக்கு முன்னாடி மலத்தைப் பாருங்க அக்கா. சாப்பிடாத நேரத்திலும் ராத்திரியிலும் தண்ணியாப் போனா அது கட்டி சுரக்கிற ஹார்மோன் வேலை. அடுத்த ஊசிக்கு முந்தின வாரத்தில் மட்டும் கூடுதான்னு காலண்டரில் குறிச்சு டாக்டரிடம் காட்டுங்க. ஊசியை மாத்துறது அவர் வேலை. வெளிறி, எண்ணெய்ப் படலத்தோட மிதந்து, தண்ணி ஊத்தினாலும் பீங்கானில் ஒட்டிக்கிட்டா கொழுப்பு செரிக்கல. கட்டியை அடக்குற அதே ஊசி கணையத்தின் சுரப்பையும் அடக்கிடும். இதுக்குத் தேங்காயை நிறுத்தினா எடை இன்னும் போகும். வேண்டியது கணைய நொதி.

சிறுகுடலின் கடைசிப் பகுதி இல்லாததால பித்த உப்பு பெருங்குடலுக்கு இறங்கியும் போக்கு வரலாம். அதுக்குக் கொலஸ்டிரமின் தூள் எழுதுவாங்க. மத்த மாத்திரைகளை அதுக்கு 1 மணி நேரம் முன்னாடியோ, குறைஞ்சது 4 மணி நேரம் கழிச்சோ கொடுக்கணும். இல்லன்னா அவற்றையும் தூள் பிடிச்சு வச்சுக்கும். அந்தப் பகுதி இல்லாததால பி12 அளவும் பாருங்க.

திங்கள்சந்தை_மகள்:
மிதக்குது, ஒட்டவும் செய்யுது. நொதி கேப்சூல் ஏற்கெனவே இருக்கு, சாப்பிட்டு முடிச்சதும் ஒண்ணு கொடுக்கோம்.

மருந்துக்கடை_மார்த்தாண்டம்:
சிக்கல் அங்கேதான். நொதி சோத்தோட கலந்து இறங்கணும், சோறு போன பிறகு வந்து பயனில்லை. ஒரு வேளைக்கு 50,000 யூனிட்னு எழுதியிருந்தா 25,000 கேப்சூல் ஒண்ணை முதல் உருண்டையோட, இன்னொண்ணைப் பாதிச் சாப்பாட்டில். பால் சாயா, ஏத்தங்காய் சிப்ஸ், பருப்புவடைக்கும் சின்ன அளவு வேணும். வெறும் பழத்துக்கும் கட்டஞ்சாயாவுக்கும் வேண்டாம். ஆறின தண்ணியில் விழுங்கணும், மெல்லக் கூடாது. சூடான கஞ்சியில் கலந்தா நொதி கெட்டுப்போகும். அடுப்படி ஜன்னலில் டப்பாவை வைக்காதீங்க. இது பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கிறது. விலக்கு உள்ளவங்க முதலிலேயே டாக்டரிடம் பேசிடணும்.

தக்கலை_உணவியல்:
மட்டிப்பழத்தை விட்டுடாதீங்க. 24 மணி நேரச் சிறுநீரில் 5-எச்ஐஏஏ (கட்டி சுரக்கிற செரட்டோனின் சிதைஞ்சு வர்ற கழிவு) பார்க்கும்போது மட்டும் 3 நாள் முன்னாடியிருந்து சிறுநீர் பிடிச்சு முடியிற வரை வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்தரிக்காய் கூடாது. அவை கணக்கைப் பொய்யாக் கூட்டும். மீன் தாராளமாக் கொடுங்க, ஆனா அன்னைக்குப் பிடிச்சதா இருக்கணும். ஐஸ் படாமக் கிடந்த சாளை, அயலை, சூரையில் ஹிஸ்டமின் ஏறும், கொதிச்சாலும் அழியாது. அதுவே முகத்தைச் சிவக்க வைக்கும். கருவாடு, மது, அதிகக் காரம் சிலருக்கு ஒத்துக்காது, சாப்பிட்ட அன்னைக்கு எழுதி வச்சுப் பாருங்க.

ஒண்ணு மட்டும் தள்ளிப்போடாதீங்க: வெயில் படுற கழுத்திலும் புறங்கையிலும் தோல் கறுத்துச் சொரசொரப்பானா நயாசின் (வைட்டமின் பி3) குறைவு. புரதத்திலுள்ள டிரிப்டோஃபேனைக் கட்டி செரட்டோனினா மாத்திடுது, நயாசின் செய்ய மிச்சமில்லை. கேட்டு வாங்க வேண்டியது நயாசினின் நிக்கோட்டினமைடு வடிவம். நிக்கோட்டினிக் அமிலம் வேண்டாம், அது தானே முகத்தைச் சிவக்க வைக்கும்.

திங்கள்சந்தை_மகள்:
கணையம் போதுமான நொதி சுரக்குதான்னு பார்க்கிற மல எலாஸ்டேஸ் டெஸ்டும் எழுதியிருக்காவ. நாளைக்கே கொடுக்கலாமா?

மருந்துக்கடை_மார்த்தாண்டம்:
தண்ணியாப் போற அன்னைக்குக் கொடுக்காதீங்க. நீர்த்துப்போய் அளவு குறைவாக் காட்டும். கொஞ்சம் கெட்டியாப் போற அன்னைக்கு எடுங்க. பன்றி நொதி இந்தக் கணக்கில் சேராது, கேப்சூலை நிறுத்த வேண்டாம்.